குத்துச்சண்டையில் தற்காப்பு: எதை முதலில் பழகுவது, எப்படிப் பழகுவது

தொங்கும் பையைக் குத்திப் பழகுகிறவருக்கு அந்தப் பை சத்தமில்லாமல் ஒரு கெடுதல் செய்கிறது. அது திருப்பி அடிப்பதில்லை. ஜாப், அதாவது முன்னால் இருக்கும் கையின் நேர்க்குத்து, போட்ட இடது கை முகத்துக்குத் திரும்பாமல் மார்பளவில் இறங்கி வந்தாலும் பை ஒன்றும் கேட்காது. ஆறு மாதம் இப்படியே போனால் அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிடும். எதிரே ஒரு ஆள் நிற்கும் அன்றுதான் அதன் விலை தெரியும்.

பெரும் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸுக்கே இது நடந்திருக்கிறது. தொழில்முறையில் அதுவரை தோல்வியே காணாத லூயிஸை 1936இல் மேக்ஸ் ஷ்மெலிங் 12ஆவது ரவுண்டில் வீழ்த்தினார். லூயிஸ் ஜாப் போட்டபின் இடது கையைத் தாழ்வாகக் கொண்டுவருகிறார் என்பதை ஷ்மெலிங் முன்பே கவனித்து வைத்திருந்தார். அந்தக் கை இறங்கிய இடைவெளியில் திரும்பத் திரும்ப வலது கைக் குத்து வந்து விழுந்தது. லூயிஸின் தாக்குதலில் குறை இல்லை. தாக்கிவிட்டுக் கை திரும்பும் வழியில்தான் ஓட்டை இருந்தது.

குத்து படாமல் தப்பிய அதே நொடியில் திருப்பி அடிக்கத் தோதான நிலையில் நிற்பதைத்தான் இங்கே தற்காப்பு என்கிறோம். கண்ணை மூடிக்கொண்டு பின்னால் துள்ளினாலும் அந்த ஒரு குத்து படாது. ஆனால் துள்ளி முடித்தபோது கால்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், கைகள் எங்கேயோ இருக்கும், அடுத்த குத்து வந்துகொண்டிருக்கும். ஒரு தற்காப்பு அசைவு சரியா தவறா என்று சோதிக்க ஒரே கேள்வி போதும்: இது முடிந்ததும் என்னால் உடனே ஒரு குத்து போட முடிகிறதா?

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், முகவாயின் பக்கவாட்டில் விழும் குத்து தலையைச் சட்டென்று திருப்புகிறது. மண்டையோடு திரும்பும் வேகத்துக்கு மூளை ஈடுகொடுக்க முடியாமல் உள்ளே குலுங்கும்போதுதான் நினைவு தப்புகிறது. வருவதைப் பார்த்துவிட்ட குத்துக்குக் கழுத்து தானாக இறுகும். பார்க்காத குத்துக்கு அந்த நேரமே கிடைப்பதில்லை. வீழ்த்தாத குத்துகளும் கணக்கில் சேர்கின்றன, வருடக்கணக்கில் தலையில் வாங்கிய சிறு சிறு அடிகளின் சுமை பின்னால் தெரியும். போட்டி என்று பார்த்தாலும், தொழில்முறைச் சண்டையில் நடுவர்கள் ரவுண்டுக்குப் புள்ளி தரும்போது பார்க்கும் நான்கு விஷயங்களில் தற்காப்பும் ஒன்று. தவிர, காற்றில் போன குத்து போட்டவரின் மூச்சைத் தின்னும். இலக்கில் பட்ட குத்தைவிட வீணாய்ப் போன குத்துதான் கையை அதிகம் களைக்கவைக்கிறது.

கீழே சொல்வதெல்லாம் இடது காலை முன்னால் வைத்து நிற்கும் ஆர்த்தடாக்ஸ் ஆட்டக்காரருக்கு. எதிராளியும் அப்படியே நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது காலை முன்னால் வைத்துச் சவுத்பாவாக நிற்பவர்கள் இடம் வலம் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

நிற்பது

கால்கள் தோள் அகலம். இடது காலின் விரல்கள் எதிராளியை நோக்கிச் சற்று உள்ளே திரும்பியிருக்க, வலது கால் பின்னால், கொஞ்சம் வலப்பக்கமாக. இடது குதிகாலிலிருந்து நேராகப் பின்னால் ஒரு கோடு இழுத்தால் வலது கால் அந்தக் கோட்டின் மேல் வரக்கூடாது. வந்துவிட்டால் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே சாய்வீர்கள். வலது குதிகால் ஒரு விரல் உயரம் தூக்கியிருக்கட்டும். முழங்கால்கள் மடங்கியே இருக்கவேண்டும், ஏனென்றால் தலையை அசைப்பதெல்லாம் உண்மையில் முழங்காலில்தான் தொடங்குகிறது. நேராக நிற்கும் காலோடு தலையை மட்டும் ஆட்டினால் இடுப்பு முன்னால் கவியும், கீழிருந்து மேலே வரும் அப்பர்கட் குத்தை முகம் வாங்கும்.

முகவாயை நெஞ்செலும்பை நோக்கி இறக்குங்கள். ஒரு டென்னிஸ் பந்தை முகவாய்க்கும் கழுத்துக்கும் இடையே இடுக்கிக்கொண்டு மூன்று நிமிடம் ஷேடோ பாக்ஸிங் (எதிராளி இல்லாமல் காற்றில் குத்திப் பழகுவது) செய்து பார்த்தால் நீங்கள் எப்போது தலையைத் தூக்குகிறீர்கள் என்று பந்தே சொல்லிவிடும். பெரும்பாலோருக்கு அது கிராஸ், அதாவது பின்னால் இருக்கும் கையின் நேர்க்குத்து, போடும்போது விழும்.

வலது கை கன்ன எலும்பை ஒட்டி, முழங்கை விலாவை ஒட்டி. இடது கை கண் உயரத்தில், முகத்திலிருந்து ஒரு சாண் முன்னால். முழங்கைகள் வெளியே விரியும் பழக்கம் புதியவர்கள் எல்லோருக்கும் உண்டு. தோள் களைத்ததும் முழங்கை தானாகப் பறவை இறக்கை மாதிரி விரியும், விலா திறந்துவிடும். வலப்பக்கம் விலாவுக்குக் கீழே கல்லீரல் இருக்கிறது. அங்கே சரியாக விழுந்த ஒரு இடது ஹூக் (பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் குத்து), ஒரு நொடி தாமதித்து ஆளை மண்டியிட வைக்கும். மன உறுதி இருந்தாலும் உடம்பு எழுந்திருக்க மறுக்கும் குத்து அது. வலது முழங்கையின் முதல் வேலை அந்த இடத்தைக் காப்பதுதான்.

வலது கையுறையை முகத்திலிருந்து அதிகம் தள்ளிப் பிடித்தால், அதன்மேல் விழும் குத்து உங்கள் கையுறையாலேயே உங்கள் மூக்கில் அடிக்கும். கண்ணுக்கு நேரே ஒட்டிப் பிடித்தால் எதுவும் தெரியாது. கன்னத்தில் தொட்டுக்கொண்டு, கண்ணுக்கு மேல்விளிம்பில் பார்வைக்கு இடம்விட்டுப் பிடிக்கவேண்டும். வாய் மூடி, பல்காப்பைக் கடித்திருங்கள். தளர்ந்து திறந்த தாடைதான் எளிதில் முறியும்.

பார்வை எதிராளியின் கைகளில் இருக்கக்கூடாது. கையைப் பார்த்தால் எப்போதும் தாமதம்தான். அவர் நெஞ்சின் மேற்பகுதி, கழுத்தெலும்பு இருக்கும் இடத்தில் பார்வையை நிறுத்தினால் இரண்டு தோள்களும் ஓரப்பார்வையில் விழும். தோள் அசையாமல் எந்தக் குத்தும் கிளம்பாது.

கால்தான் முதல் தற்காப்பு

தற்காப்பு என்றதும் தலையை அசைத்து அசைத்துத் தப்பும் காட்சிகள்தான் எல்லோருக்கும் நினைவு வருகின்றன. அர்ஜென்டினாவின் நிகோலினோ லோச்சே, அமெரிக்காவின் பெர்னல் விட்டேக்கர் இவர்களைப் பார்த்தால் ஆசை வருவது இயல்பு. ஆனால் கற்கும் வரிசையில் தலை அசைவு மூன்றாவது. முதலில் கால், இரண்டாவது கை. இந்த வரிசையை மாற்றிக் கற்றவர்கள் அழகாக அசைவார்கள், அசைந்து நேராகக் குத்தின் பாதையில் போய் நிற்பார்கள்.

அடிப்படை விதி சின்னது: எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கத்துக் கால் முதலில் நகரும், மற்றது அதே அளவு பின்தொடரும். பின்னால் போக, முன்காலால் தரையைத் தள்ளி வலது காலை முதலில் வையுங்கள். கால்கள் ஒன்றையொன்று தாண்டக்கூடாது, ஒட்டவும் கூடாது. நகர்வு ஒரு சாண் போதும். எதிராளியின் ஜாப் மூக்குக்கு இரண்டு விரல் முன்னால் நின்றுபோனால், நீங்கள் அங்கிருந்தே திருப்பி அடிக்க முடியும். மூன்று அடி தள்ளிப் போய்விட்டால், மறுபடி உள்ளே நுழைய அவருடைய எல்லையைக் கடக்கவேண்டும்.

நேராகப் பின்னால் இரண்டு அடிக்கு மேல் வைக்காதீர்கள். முன்னால் வருகிறவர் எப்போதும் பின்வாங்குகிறவரைவிட வேகமானவர். முதல் ஜாப் எட்டாது, இரண்டாவது உரசும், பின்னால் வரும் கிராஸ் முழுதாக விழும். ஒரு அடி பின்னால், அடுத்தது பக்கவாட்டில் என்று பழகுங்கள். அல்லது இடது முன்பாதத்தை அச்சாக வைத்து வலது காலைச் சுழற்றி 45 டிகிரி திரும்புங்கள். அவர் வந்த கோட்டில் நீங்கள் இல்லை. அவர் திரும்புவதற்குள் உங்களுக்கு ஒரு குத்து சும்மா கிடைக்கிறது.

எந்தப் பக்கம் சுற்றுவது? எதிராளியின் வலுவான கையிலிருந்து விலகும் பக்கம். வலது கை பலமுள்ள ஆர்த்தடாக்ஸுக்கு எதிரே உங்கள் வலப்பக்கமாகச் சுற்றுங்கள். இடது ஹூக்கில் கெட்டிக்காரர் என்றால் உங்கள் இடப்பக்கமாக. சவுத்பாவுக்கு எதிரே இடப்பக்கம், அதோடு உங்கள் இடது கால் அவருடைய வலது காலுக்கு வெளியே இருக்கவேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் அதையும் அவர் படித்துவிடுவார். மூன்று நான்கு அடிக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள்.

கயிற்றில் முதுகு தொடும்வரை காத்திருக்க வேண்டாம். கயிற்றுக்கும் உங்களுக்கும் இடையே எப்போதும் ஒரு அடி எடுத்துவைக்க இடம் இருக்கிறதா என்பதைக் கால் உணரப் பழகவேண்டும். முகமது அலி 1974இல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஜார்ஜ் ஃபோர்மேனைக் களைக்கவைத்து 8ஆவது ரவுண்டில் வீழ்த்தினார் என்பது உண்மைதான். அதைப் பார்த்துக் கயிற்றில் சாய்கிறவர்களுக்கு அலியின் தாங்குதிறனும் தூரக் கணிப்பும் இருப்பதில்லை.

கையால் தடுப்பது

முதல் பாடம் ஜாபைப் பிடிப்பது. எதிராளியின் ஜாப் வரும்போது வலது கையுறையின் உள்ளங்கைப் பக்கத்தை முகவாய்க்கு முன்னால் இரண்டு விரல் அளவு மட்டும் நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள், பந்து பிடிப்பதுபோல. முழங்கை விலாவை விட்டு விலகாது. இங்கே எல்லோரும் செய்யும் தவறு, குத்தைத் தேடிக் கையை நீட்டுவது. நீட்டிய கைக்குப் பின்னால் உங்கள் வலது கன்னம் காலியாக இருக்கும். எதிராளி ஜாப் போடுவதுபோல் தோளை அசைத்துவிட்டு ஹூக் போட்டால் முடிந்தது.

அடுத்தது தட்டிவிடுவது, அதாவது பேரி. ஜாபை வலது கையால் இடப்பக்கமாக ஒரு சிறு தட்டு. தட்டும் கை உங்கள் மூக்கின் கோட்டைத் தாண்டக்கூடாது. குத்தின் பாதையை ஒரு கையுறை அகலம் மாற்றினால் போதும், அது காதோரமாகப் போய்விடும். கதவைத் தள்ளுவதுபோல் வீசித் தட்டினால் உங்கள் கை மறுபக்கத்தில் போய் நிற்கும். எந்தக் கைக்கு எந்தக் கை என்பதில் குழப்பமே வேண்டாம்: அவருடைய இடது கைக்கு உங்கள் வலது, அவருடைய வலது கைக்கு உங்கள் இடது. கண்ணாடிக்கு எதிரே நிற்பதுபோல் நினைத்துக்கொள்ளுங்கள். கையைக் குறுக்கே கொண்டுபோய்த் தடுத்தால் ஒரு பக்கம் முழுதும் திறந்துவிடும்.

தலைக்கு வரும் ஹூக்குக்கு, அந்தப் பக்கத்துக் கையுறையைக் காதுவரை உயர்த்துங்கள். கைபேசியைக் காதில் வைக்கும் அசைவுதான். முன்கை செங்குத்தாக, கையுறை தலையில் இறுக ஒட்டியிருக்கவேண்டும். இடைவெளி இருந்தால் அடி கையுறை வழியாகத் தலைக்கு வந்து சேரும். குத்து விழும் நேரத்தில் மூச்சைச் சிறிதாக வெளிவிட்டு, முன்கையையும் வயிற்றையும் இறுக்குங்கள்.

உடம்புக்கு வரும் குத்துக்குக் கையை இறக்கக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். முழங்கால்களை மடித்து, இடுப்பைச் சற்றுத் திருப்பி, முழங்கையைக் குத்தின் பாதைக்குக் கொண்டுவாருங்கள்; கையுறை கன்னத்திலேயே இருக்கும். வயிற்றில் ஒரு குத்து, கை இறங்கியதும் தலைக்கு ஒரு ஹூக் என்பது குத்துச்சண்டையின் மிகப் பழைய பொறிகளில் ஒன்று. அது இன்றும் வேலை செய்வதற்குக் காரணம், கையை இறக்கித் தடுப்பது நம் உடம்புக்கு இயல்பாக வருவதுதான்.

அப்பர்கட்டுக்கு இரண்டு முன்கைகளையும் நெருக்கி முன்னால் மூடலாம், அல்லது உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து முகவாய்க்குக் கீழே வாங்கலாம். ஆனால் அப்பர்கட் அதிகம் வாங்குகிறீர்கள் என்றால் கையில் மருந்து இல்லை. நீங்கள் முன்னால் கவிந்து நிற்கிறீர்கள், முதுகை நிமிர்த்துங்கள்.

தலையை அசைப்பது

ஸ்லிப் என்பது நேர்க்குத்தின் பாதையிலிருந்து தலையை ஒரு கையுறை அகலம், ஏறக்குறைய 10 சென்டிமீட்டர், விலக்குவது. அசைவு கழுத்திலிருந்து வராது, தோள் திரும்புவதால் வரும். ஜாப் வரும்போது இடது தோளை முன்னுக்குத் திருப்பி, வலது முழங்காலை மடக்கி, எடையை வலது காலில் இறக்கினால் தலை தானாக வலப்பக்கம் போகும். அவருடைய கைக்கு வெளியே இருக்கிறீர்கள், அதுதான் பாதுகாப்பான இடம். கிராஸ் வரும்போது இதற்கு நேர்மாறு: வலது தோளை முன்னுக்குத் திருப்பி, எடையை இடது காலில் வைத்து, தலை இடப்பக்கம்.

ஜாபை இடப்பக்கமாக, அதாவது அவர் கைக்கு உள்ளே ஸ்லிப் செய்வதும் உண்டு. திருப்பி அடிக்க அங்கே நல்ல வாய்ப்பு கிடைக்கும். ஆனால் அவருடைய வலது கைக்கு நேராகவே போகிறீர்கள். உள்பக்க ஸ்லிப் செய்யும்போது வலது கை கன்னத்திலும் இடது தோள் முகவாயை மூடியும் இருக்கவேண்டும். முதல் சில மாதங்களுக்கு வெளிப்பக்க ஸ்லிப் மட்டும் பழகினால் போதும்.

ஹூக் வந்தால் அதற்கு அடியில் புகுந்து வருவது ரோல். தலை ஆங்கில எழுத்து யூ வடிவத்தில் போகும்: முழங்கால் மடங்கிக் கீழே, பக்கவாட்டில், மீண்டும் மேலே. எந்தத் திசையிலிருந்து குத்து வருகிறதோ அந்தத் திசை நோக்கிப் புகவேண்டும். அவருடைய இடது ஹூக் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருகிறது, ஆகவே வலப்பக்கமாகப் புகுந்து எழுங்கள். அப்போதுதான் குத்து தலைக்கு மேல் எதிர்த்திசையில் கடந்துபோகும். குத்து போகும் திசையிலேயே போனால் அது துரத்திக்கொண்டு வரும். குனியும்போது தரையைப் பார்ப்பவர்கள் அதிகம். கண் அவர் நெஞ்சை விட்டு நகரக்கூடாது. தரையைப் பார்த்த நொடியில் நீங்கள் குருடர்.

பின்னால் சாய்ந்து தப்புவதற்கு ஒரு எல்லை உண்டு. எடையை வலது காலில் ஏற்றி, முகவாயை இறக்கியபடியே, ஒரு முறை மட்டும். இரண்டாவது முறை சாய இடம் இல்லை; முதுகெலும்பு அதற்குமேல் வளையாது. சாய்ந்தவுடன் வலது கையால் திருப்பி அடிக்கவேண்டும் அல்லது கால் நகரவேண்டும். இரண்டும் இல்லாமல் சாய்ந்தே நிற்பவருக்கு அடுத்த குத்து கட்டாயம் உண்டு.

தோளைச் சுழற்றிக் குத்தை வழுக்கவைக்கும் ஷோல்டர் ரோல், ஜேம்ஸ் டோனியும் 50 சண்டைகளில் தோல்வியே காணாத ஃப்ளாய்ட் மேவெதரும் பேரெடுத்த முறை. இடது கை வயிற்றுக்குக் குறுக்கே, வலது கை முகவாய் அருகே, இடது தோள் உயர்ந்து கன்னத்தை மூடியிருக்கும். கிராஸ் வரும்போது உடம்பு வலப்பக்கம் திரும்ப, குத்து தோளில் பட்டு வழுக்கிப் போகும். கேட்க எளிது. ஆனால் இடது கை கீழே இருப்பதால், தோள் ஒரு கணம் தாமதித்தாலும் முகத்துக்குக் காவலே இல்லை. சவுத்பாவின் நேர் இடது கைக்கு முன்னால் இது இன்னும் சிக்கல். மேவெதர் மாதிரி நிற்பது ஒரு வாரத்தில் வரும். அந்த நிலையில் குத்தின் தூரத்தையும் நேரத்தையும் படிக்கும் கண் வர வருடங்கள் ஆகும். கைகளை முகத்தருகே உயர்த்திய கார்டில் ஸ்பாரிங் (துணையோடு பயிற்சிச் சண்டை) செய்து, நேர்க்குத்துகளை நிதானமாகப் படிக்கத் தெரிந்தபின் இதைத் தொடுங்கள். அதற்குமுன் தொடுவதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

திருப்பி அடிப்பது, அடிக்கும்போது மூடியிருப்பது

ஒவ்வொரு தற்காப்பும் உடம்பின் ஒரு பக்கத்தில் எடையை ஏற்றி வைக்கிறது. ஏற்றிய பக்கத்திலிருந்து குத்து போவதுதான் இயற்கை. வலப்பக்கம் ஸ்லிப் செய்தபின் எடை வலது காலில், ஆகவே வலது கை. இடப்பக்கம் ஸ்லிப் என்றால் இடது ஹூக், தலைக்கோ விலாவுக்கோ. ஜாபைப் பிடித்தால் உடனே உங்கள் ஜாப். ஜாபைத் தட்டிவிட்டால் திறந்த வழியில் உங்கள் கிராஸ். இடது ஹூக்குக்கு அடியில் வலப்பக்கம் புகுந்து எழுந்தால் வலது கை. முதலில் ஒரு குத்து மட்டும் திருப்பிப் போட்டு, கார்டுக்கு வந்து, ஒரு அடி விலகிப் பழகுங்கள். திருப்பி மூன்று குத்து போடும் ஆசை வந்தால், மூன்றாவதில் நீங்கள் வாங்குவீர்கள்.

தாக்கும் நேரம்தான் நாம் மிகவும் திறந்திருக்கும் நேரம். ஒரு கை வெளியே இருக்கிறது, எடை முன்னால் போகிறது, கால்கள் உடனே நின்று திரும்ப முடியாது. 2012 டிசம்பரில் மேனி பாக்கியோ முன்னேறி நுழைந்த கணத்தில் ஹுவான் மானுவேல் மார்க்வெஸின் வலது கை வந்து விழுந்தது. 6ஆவது ரவுண்டு முடியச் சில நொடிகள் இருக்கும்போது சண்டை அதோடு முடிந்தது. பாக்கியோவின் சொந்த வேகமும் அந்தக் குத்தோடு சேர்ந்துகொண்டது.

அதனால், ஒரு கை குத்தும்போது மற்றது கன்னத்தில். குத்திய கை போன கோட்டிலேயே, போன வேகத்தைவிட வேகமாகத் திரும்பவேண்டும். ஜாப் போடும்போது இடது தோள் முகவாயைத் தொடட்டும், கிராஸில் வலது தோள். கடைசிக் குத்து போட்டபின் தலை ஆரம்பித்த இடத்தில் இருக்கக்கூடாது: ஒரு ஸ்லிப், ஒரு ரோல் அல்லது பக்கவாட்டில் ஒரு அடி. தன் வேலையைத் தானே ரசித்துக்கொண்டு நிற்கும் அந்த அரை நொடியில்தான் பதில் குத்து வருகிறது.

அடி பட்டுத் தலை சுற்றினால் கிளிஞ்ச் செய்யத் தெரிந்திருக்கவேண்டும். கைகளை மூடியபடி நெருங்கி, அவருடைய முழங்கைக்கு மேல் பகுதியை உங்கள் கைகளால் இறுக்கி, தலையை அவர் தோளோடு ஒட்டி, எடையை அவர்மேல் சாய்த்து மூச்சு வாங்குங்கள். நடுவர் பிரிப்பார், சில நொடிகள் கிடைக்கும். அமெச்சூர் போட்டியில் பிடித்துக்கொண்டே இருந்தால் எச்சரிக்கை வரும், ஆகவே இது அவசரத்துக்கு மட்டும்.

பழகும் முறை

தனியாக இருக்கும்போது கண்ணாடி முன் மூன்று நிமிட ஷேடோ பாக்ஸிங், ஒரு நிமிட ஓய்வு, இப்படி மூன்று ரவுண்டு. முதல் ரவுண்டில் கால் மட்டும், கைகள் கார்டில். இரண்டாவதில் ஒவ்வொரு குத்துக்கும் ஒரு தற்காப்பு. மூன்றாவதில் உங்கள் இஷ்டம்.

தோள் உயரத்தில் நான்கு மீட்டர் கயிறு கட்டி, அதற்கு அடியில் இடமும் வலமுமாகப் புகுந்து முன்னேறி, அதேபோல் பின்வாங்குங்கள். இரண்டு நிமிடத்தில் தொடை எரியவேண்டும். முதுகு வலித்தால் முழங்காலை மடிக்காமல் இடுப்பை மடிக்கிறீர்கள். மணல் நிரப்பிய முஷ்டியளவு சிறு பையை மூக்கு உயரத்தில் தொங்கவிட்டு ஆட்டி, அது வரும்போது ஸ்லிப் செய்யலாம். பயிற்சியாளர் கஸ் டி'அமாட்டோவின் மாணவர் மைக் டைசனும் இப்படிப்பட்ட பையில் பழகியவர்தான். பை மூக்கிலிருந்து எவ்வளவு தூரத்தில் கடந்துபோகிறது என்று பாருங்கள். ஒரு அடி தள்ளிப் போனால் நீங்கள் தேவைக்கு மேல் அசைகிறீர்கள்.

துணை கிடைத்தால்தான் உண்மையான பாடம் தொடங்கும். முதலில் கண் சிமிட்டலைக் குறைக்கவேண்டும்: நீங்கள் கார்டில் நிற்க, அவர் உங்கள் கையுறைமேலும் நெற்றியிலும் மெல்லத் தட்டட்டும், இரண்டு நிமிடம். வேலை ஒன்றுதான், கண்ணை மூடாமலிருப்பது. பிறகு தோள் தொடும் விளையாட்டு. கையுறை இல்லாமல், இருவரும் கார்டில் நின்று ஒருவர் தோளையும் முழங்காலையும் மற்றவர் தொட முயலவேண்டும். விளையாட்டாகத் தெரியும், ஆனால் தூரக் கணிப்பை இதைவிட வேகமாக வேறெதுவும் கற்றுத்தருவதில்லை.

அதன்பின் கையுறையோடு: அவர் ஜாப் மட்டும், பாதி வேகத்தில், உண்மையாகவே முகத்தை நோக்கிப் போடவேண்டும். பக்கவாட்டில் போடும் இரக்கத்தால் யாருக்கும் பயனில்லை. நீங்கள் முதல் ரவுண்டில் பிடியுங்கள், அடுத்ததில் தட்டுங்கள், அடுத்ததில் வெளிப்பக்கம் ஸ்லிப், நான்காவதில் மூன்றையும் கலந்து. ஒரு வாரத்துக்குப்பின் ஜாபும் கிராஸும். அதற்கடுத்து, ஒவ்வொரு தற்காப்புக்கும் ஒரே ஒரு பதில் குத்து. முறையை முன்கூட்டியே அறிந்து செய்யும்போது எல்லாம் சரியாக இருக்கும். எப்போது வரும் என்று தெரியாமல் செய்யும்போதுதான் பழையபடி கை நீளும், கண் மூடும். அப்போது வேகத்தைக் குறைக்கவேண்டும், கூட்டக்கூடாது.

நிபந்தனை வைத்த ஸ்பாரிங் இதற்கு அடுத்த படி: ஒருவர் முன்னால் இருக்கும் கையால் மட்டும் தாக்க, மற்றவர் தற்காத்து நகர மட்டும் செய்ய, இரண்டு நிமிடத்தில் மாறிக்கொள்ளுங்கள். 16 அவுன்ஸ் கையுறை, பல்காப்பு, தலைக்கவசம் கட்டாயம். தலைக்கவசம் வெட்டுக்காயத்தையும் தலையோடு தலை மோதும் காயத்தையும் குறைக்கும். மூளை உள்ளே குலுங்குவதை அது நிறுத்தாது. அமெச்சூரில் மூத்த ஆண்கள் பிரிவில் 2013 முதல் தலைக்கவசம் இல்லை, 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் ஆண்கள் அது இல்லாமலேயே மோதினார்கள். கவசம் போட்டிருக்கிறோம் என்று தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கும் தைரியம் ஆபத்தானது.

ஸ்பாரிங்குக்குப் பின் தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுதல், நினைவில் இடைவெளி, நடையில் தள்ளாட்டம் இவற்றில் எது இருந்தாலும் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. மருத்துவரைப் பார்த்து, அவர் அனுமதிக்கும்வரை தலையில் அடி படும் எந்தப் பயிற்சியும் வேண்டாம். முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது விழுவது உயிருக்கே ஆபத்து.

தற்காப்பு முதலில் உடைவது களைப்பில். அதனால் பேட் பயிற்சியின் (ஒருவர் கையில் பிடிக்கும் மெத்தையைக் குத்திப் பழகுவது) கடைசி முப்பது நொடிகளில், கை தூக்க முடியாத நிலையில், பேட் பிடிப்பவர் எதிர்பாராமல் பேடை உங்கள் கன்னத்தை நோக்கி வீசட்டும். கார்டு இருக்கிறதா இல்லையா என்பது அப்போது தெரியும். முடிந்தால் ஸ்பாரிங்கைப் பக்கவாட்டிலிருந்து படம்பிடித்து, உங்கள்மேல் விழுந்த குத்துகளை மட்டும் நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்றைக் குறியுங்கள்: என்ன குத்து, அந்த நேரத்தில் உங்கள் அந்தப் பக்கத்துக் கை எங்கே இருந்தது, அதற்கு முந்தைய நொடியில் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். பத்து குத்தில் ஆறு ஒரே காரணத்தால் விழுந்திருக்கும், பெரும்பாலும் ஜாபுக்குப் பின் தாழ்வாகத் திரும்பிய கை. அடுத்த வாரம் முழுக்க அந்த ஒன்றை மட்டும் சரிசெய்யுங்கள், பையில் குத்தும்போதும்கூட.